எத்தனை வாட் வேண்டும்?

மாணவர்களே, வீட்டில் அமர்ந்து இசை கேட்பதற்கு உதவும் இரண்டு கருவிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இசைத்தட்டிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் நலிந்த மின்னலைக்கு வலிமை ஊட்டுவது ஒன்று. வலிமை பெற்ற அம்மின்னலையைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது மற்றொன்று. ஒலிபெருக்கி என்னும் ஒரே சொல்லை நாம் இரண்டிற்கும் வழங்கி வருகிறோம். குழப்பம் நேராதிருக்க, முன்னதை ஆம்பிளிபையர் என்றும் பின்னதை ஸ்பீக்கர் என்றும் கடைத்தெரு வழக்கிலேயே சொல்கிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

என்னிடம் பயின்ற ஒருவர், இப்பொழுது ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர், சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு வாங்கினார். அவற்றை இயக்க அவரிடம் இருந்தது 20 வாட் ஆம்பிளிபையர். வீணை கேட்கையில் குறையொன்றும் தோன்றவில்லை. நாகசுரத்தோடு தவில் சேர்ந்ததும் ஒலி கிழியத் தொடங்கிற்று. சில திங்களில், மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் ஒரு பெட்டியில் கருகிப் போயிற்று. 100 வாட் வாங்கினாலன்றித் தீராது என்றாராம் கடைக்காரர். அதன் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம். "ஐயா, வாங்கலாமா?" என்று என்னிடம் வந்தார். இயற்பியல் கற்பித்தவனிடம் கேட்டால் விடை கணக்காகத்தானே வரும்!

ஸ்பீக்கருக்கு ஒரு வாட் மின்திறன் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் ஒலியின் அளவை டெசிபலில் குறிப்பர். இதுவே அதன் உணர்திறன். 1946-இல் அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர், அறையின் மூலையில் நிறுத்தும் மிகப் பெரிய கொம்புவடிவ ஸ்பீக்கரை அமைத்தார். அதற்கு ஒரு வாட் கொடுத்தால் 100 டெசிபலுக்கு மேல் முழங்கும். ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் வீடு எத்தனை பேருக்கு உண்டு? 1954-இல் எட்கர் வில்ச்சர் வேறு வழி கண்டார். இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்சுருள்போலப் பயன்படுத்தி, ஆழ்ந்த கீழ் ஒலிகளை வரவழைத்தார். பெட்டி சிறுத்தது, ஆனால் உணர்திறன் குறைந்தது. சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ் ஒலி, உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஹாப்மன் என்ற பொறியியலார் பெயரால் இதனை இரும்பு விதி என்பர். நம் நண்பருடைய பெட்டிகள் விட்டுக்கொடுத்தது உணர்திறனை.

அவற்றின் முதுகில் 86 டெசிபல் என்று அச்சிட்டிருந்தது. அருகிலேயே 2.83 வோல்ட் என்றும், 4 ஓம் என்றும் இருந்தன. இங்கே சற்று நின்று கணக்கிடுங்கள். மின்னழுத்தத்தின் இருபடியைத் தடையால் வகுத்தால் மின்திறன். 2.83 வோல்ட், 8 ஓம் தடையில் ஒரு வாட் ஆகும்; 4 ஓம் தடையில் இரண்டு வாட் ஆகிவிடும். ஆகவே அந்த 86, இரண்டு வாட்டுக்கு உரிய எண். திறன் பாதியானால் 3 டெசிபல் குறையும் ஆதலின், ஒரு வாட்டுக்கு உரிய உண்மை அளவு 83-தான். அச்சிட்டவர் பொய் சொல்லவில்லை; படிப்பவர் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்!

அவர் அமர்ந்து கேட்பது மூன்று மீட்டர் தொலைவில். சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால், அறைக்குள் இழப்பு திறந்தவெளியிற் போல அவ்வளவு இராது. 6 டெசிபல் என்று கொள்வோம். ஸ்பீக்கர்கள் இரண்டாதலின் 3 டெசிபல் கூடும். எஞ்சுவது 80. அவர் சராசரியாக 75 டெசிபலில் கேட்கிறார். தவிலின் அடிகள் அதற்கு மேல் 20 டெசிபல் எழுகின்றன என்று கொண்டால், 95 வேண்டும். குறைவது 15 டெசிபல். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கும், ஐந்து டெசிபலுக்கு ஏறத்தாழ மூன்றேகால் மடங்கும் திறன் தேவை. பெருக்கினால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சற்றேறக்குறைய 32 வாட். ஸ்பீக்கரின் உணர்திறன் 89 ஆக இருந்திருந்தால் 8 வாட்டே போதியிருக்கும்!

இருபது வாட் ஆம்பிளிபையரிடம் 32 கேட்டால், அது அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். வெட்டுண்ட அலையில் மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வுகள் பிறந்து ட்வீட்டரைச் சென்றடையும். அதன் மெல்லிய கம்பிச்சுருள் அவ்வெப்பத்தைத் தாங்காது. பெரிய ஆம்பிளிபையரே ஸ்பீக்கரை அழிக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். சிறியதை வரம்பு மீறி முடுக்கினாலும் கேடு வரும்.

அப்படியானால் 100 வாட் வேண்டுமா? 20-லிருந்து 60-க்குச் சென்றால் ஏறக்குறைய 5 டெசிபல் கிடைக்கும். 60-லிருந்து 100-க்குச் சென்றால் இரண்டு டெசிபலுக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. ஒலி இருமடங்காயிற்று என்று செவி உணரவோ, திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே, முன்பெருக்கியும் திறன்பெருக்கியும் ஒரே பெட்டியில் அமைந்த 60 வாட் கருவி ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். அந்த 60 வாட், 4 ஓம் சுமையில், இரண்டு பக்கமும் ஒருங்கே இயங்குகையில், இடைவிடாது தரும் அளவாக இருக்கவேண்டும் என்பதை எழுதியே கொடுத்தேன். தடை குறைந்தால் மின்னோட்டம் மிகும். மின்மாற்றி மெலிந்த கருவி அங்கே தளரும். நம் நாட்டில் ஒரு காலத்தில் உள்ளங்கை அகலக் கருவிகளின்மேலும் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டி விற்றனர். கணநேர உச்சத்தை ஊதிக் காட்டிய அவ்வெண்ணால் பயன் யாதுமில்லை. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கவே அமெரிக்க அரசு 1974-இல் விதி வகுத்தது.

அவர் 60 வாட் கருவியையே வாங்கினார். மிச்சமான பணத்தில் ட்வீட்டரையும் மாற்றிக்கொண்டார். நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்திப் போடவும் சொல்லியிருந்தேன். அதனால் கூடும் ஒன்றிரண்டு டெசிபலுக்கு விலை இல்லை. நாற்காலி நடைவழியை மறைக்கிறது என்று அவர் மனைவிக்கு மட்டும் என்மேல் ஒரு குறை உண்டு.