மூன்றாவது பூச்சு



டென்மார்க்கில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர். லெகோ விளையாட்டுக் கட்டிகள் பிறந்த இடம். 1968இல் அங்கே திறக்கப்பட்ட லெகோலாந்து பூங்காவுக்கு, அந்நாட்டில் குடியேறிய யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தம் குடும்பத்தோடு என்னையும் கூட்டிச் சென்றார். குட்டி வீடுகள், துறைமுகம், ஓடும் இரயில் என எல்லாம் அந்தச் சின்னக் கட்டிகளால் ஆனவை. பிள்ளைகள் துள்ளினார்கள். நண்பரோ பெஞ்சில் அமர்ந்து கைப்பேசியில் வேலை விஷயமே பேசிக்கொண்டிருந்தார். "டிக்கற் எடுத்துக் குடுத்தாச்சு ஃபாதர், இனி அவையளின்ர பாடு" என்று சிரித்தார்.

நான் அந்த ஊர்த் தச்சரின் கதையைச் சொன்னேன். லெகோவைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932 முதல் மரப் பொம்மைகள் செய்தவர். ஒருமுறை அவர் மகன் கொட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை மட்டும் வார்னிஷ் பூசி இரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு, பணம் மிச்சம் என்று பெருமையோடு வந்து சொன்னார். தந்தை விடவில்லை. மகனே போய்த் திரும்ப எடுத்துவந்து, தனியாக உட்கார்ந்து மூன்றாவது பூச்சையும் பூசினார். வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கப் போவதில்லை. சிறியவற்றில் உண்மையாயிருப்பது பற்றி ஆண்டவர் சொன்னது ஒரு பட்டறையில் இப்படித்தான் நடக்கும். (நான் அவசரமாக முடித்த சில திருப்பலிகளும் அப்போது நினைவுக்கு வந்தன.)

நண்பர் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்துக் கைப்பேசியைப் பையில் வைத்தார். கட்டிகள் குவிந்திருந்த இடத்துக்குப் போய், சின்ன மகள் அருகில் முழந்தாளிட்டார்.

"அப்பா, அது கூரை இல்லை, கதவு" என்று அவள் திருத்துவது எனக்குக் கேட்டது.