ஆறு புள்ளியில ஒரு ஊர் பேரு

போன எபிசோடுக்கு நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க, அதுக்கெல்லாம் அப்புறமா வர்றேன். இன்னைக்குப் பேசப்போறது எங்க வீட்டு விஷயம். பார்வை இல்லாத ஒரு குழந்தையை ஆறு வயசுல ஹாஸ்டல் உள்ள சிறப்புப் பள்ளிக்கு அனுப்பறதா, இல்ல பக்கத்துல இருக்கற ஸ்கூல்லயே படிக்க வைக்கிறதா? எங்க குடும்பத்துல இது ஒரு வருஷம் ஓடுன சண்டை.

எங்க பெரியப்பா மக, அதாவது அக்கா, வேடசந்தூர் பக்கம் இருக்காங்க. அவங்க பொண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல. ஊர்லயே ஒரு ஸ்கூல்ல சேத்தாங்க. டீச்சர் நல்லவங்க, முதல் பெஞ்சுல உக்கார வச்சாங்க, ஆத்திசூடி எல்லாம் மனப்பாடமா சொல்லிக் கொடுத்தாங்க. ஆண்டு விழாவுல பாட வச்சாங்க, ஊரே கைதட்டுச்சு. ஆனா ரெண்டாம் வகுப்பு முடியப்போகுது, அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. சிறப்பு ஆசிரியர் வாரத்துல என்னைக்காவது வருவார், அவருக்குப் பாக்க வேண்டிய பிள்ளைங்க பல ஊர்ல இருக்காங்க. அவர் மேல குத்தம் சொல்ல முடியல.

அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாஃப்ட்வேர்க்காரன் புத்தி. "அக்கா, இப்ப எல்லாத்துக்கும் ஆடியோ இருக்கு. போன் படிச்சுக் காட்டும். பிரெய்ல் எதுக்கு?"ன்னேன்.

அது எவ்வளவு தப்புன்னு எனக்குப் புரிய வச்சது ஒரு பழைய பரீட்சை ஞாபகம். இன்ஜினியரிங் கடைசி வருஷத்துல திண்டுக்கல்ல ஒரு பையனுக்கு ஸ்கிரைபா போனேன். பி.ஏ. வரலாறு முதல் வருஷம். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதணும். ஒரு இடத்துல சந்தேகம் வந்து, "தம்பி, இது ரெண்டு சுழி ன-வா, மூணு சுழி ண-வா?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டு, "அஞ்சு ஆறுண்ணே"ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. அவனுக்குச் சுழியே கிடையாதுல்ல! பிரெய்ல்ல ரெண்டு சுழி ன-ங்கறது அஞ்சாவது, ஆறாவது புள்ளி. மூணு சுழி ண-ன்னா மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அவன் விரல்ல அந்த ரெண்டும் வேற வேற. அன்னைக்கு ஸ்பெல்லிங்ல தடுமாறுனது கண்ணு தெரியற நான்தான்.

இப்ப யோசிங்க. நம்ம ஊர் பேச்சுல ன-வும் ண-வும் ஒண்ணுதான். ர, ற-வும் ஒண்ணுதான். ழ-வை பத்தி கேக்கவே வேணாம், "பளம்"தான். காதால மட்டும் படிக்கற குழந்தைக்கு இந்த வித்தியாசம் எங்கேர்ந்து வரும்? ஆடியோவுல கதை தெரிஞ்சுக்கலாம். எழுத்து தெரியணும்னா எழுத்தைத் தொடணும்.

பிரெய்ல் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. இடது பக்கம் மேலேர்ந்து ஒண்ணு ரெண்டு மூணு, வலது பக்கம் நாலு அஞ்சு ஆறு. ஒவ்வொரு புள்ளியும் இருக்கும் இல்ல இருக்காது, ஆக மொத்தம் 64 வடிவம். ஆமா, ஆறு பிட். லூயி பிரெய்ல் இதை 1824-ல, தன்னோட 15 வயசுல உருவாக்குனார். இந்தியாவுல முன்னாடி பல பிரெய்ல் முறைகள் இருந்துச்சு, 1951-ல தான் எல்லா மொழிக்கும் பொதுவா பாரதி பிரெய்ல் வந்துச்சு. க-ன்னா ஒண்ணு, மூணு. தமிழ்லயும் அதேதான், இந்தியிலயும் அதேதான்.

இதுல ஒரு அழகு இருக்கு. நாம "கொ" எழுதும்போது ஒரு கொம்பு முன்னாடி, ஒரு கால் பின்னாடி. பிரெய்ல்ல அந்தக் குழப்பமே இல்ல. முதல்ல க, அப்புறம் ஒ, அவ்வளவுதான். யூனிகோட்ல கம்ப்யூட்டர் சேமிச்சு வைக்கறதும் இதே வரிசைதான். ஆனா புள்ளி வைக்கற இடம் மட்டும் தலைகீழ், மெய்யெழுத்துக்கு முன்னாடியே வந்துடும். "அம்மா"ன்னு எழுத அஞ்சு கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ.

எழுதறது இன்னும் கஷ்டம். சட்டத்துல பேப்பரை மாட்டி, ஊசி மாதிரி ஒரு குச்சியால குத்தணும். மேடு பேப்பரோட அந்தப் பக்கம் வரும். அதனால வலமிருந்து இடமா, கண்ணாடியில பாக்கற மாதிரி மாத்தி எழுதிட்டு, திருப்பி வச்சு இடமிருந்து வலமா படிக்கணும். ஏழு வயசுக் குழந்தை இதைச் செய்யுது, தினமும். ஆனா தினமும் கூட உக்காந்து சொல்லித்தர ஆள் வேணும். வாரம் ஒரு தடவை வந்தா நடக்காது. சிறப்புப் பள்ளிக்கு ஆதரவா எனக்குத் தெரிஞ்ச மிக வலுவான வாதம் இதுதான்.

தென்மாவட்டத்துல இதுக்குப் பெரிய வரலாறே இருக்கு. பாளையங்கோட்டையில 1890-ல ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்குனாங்க. இந்தியாவோட முதல் பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸ்ல தொடங்குனது 1887-ல. அப்போ வெறும் மூணு வருஷ இடைவெளி. பெனோ ஜெஃபைன் பேரு ஞாபகம் இருக்கா? 2015-ல இந்திய வெளியுறவுப் பணியில சேந்த, முழுக்கப் பார்வையில்லாத முதல் அதிகாரி. அவங்க படிச்சது சென்னை லிட்டில் ஃப்ளவர் சிறப்புப் பள்ளியில.

சரி, ஹாஸ்டல் பக்கம் குறையே இல்லையா? அந்த வரலாறு பையனுக்கே போன் போட்டேன். இப்ப அவன் ஒரு பேங்க்ல இருக்கான். அவன் சொன்னது: "முதல் ராத்திரி அம்மா பஸ் ஏறுற வரைக்கும் கையை விடல. அப்புறம் ஒரு மாசத்துல துணி துவைக்க, வெள்ளைக் குச்சி பிடிச்சு நடக்கக் கத்துக்கிட்டேன். வீட்டுல இருந்திருந்தா இன்னும் அம்மாதான் சோறு பிசைஞ்சு கொடுத்திருக்கும்." கொஞ்ச நேரம் கழிச்சு இதையும் சொன்னான்: "ஆனாண்ணே, என் ஊர்ல எனக்கு ஃப்ரெண்டே கிடையாது. திருவிழாவுக்குப் போனா விருந்தாளி மாதிரி இருக்கும்."

இன்னொரு விஷயம் எனக்கே உறுத்துது. என் இன்ஜினியரிங் கிளாஸ்ல பார்வையில்லாத ஒருத்தர்கூட இல்ல. அன்னைக்கு அது எனக்கு வித்தியாசமாவே தெரியல. கணக்குக்கு டெய்லர் ஃப்ரேம்னு ஒண்ணு உண்டு: எட்டு மூலை ஓட்டை, அதுல சின்னச் சின்ன உலோகக் கட்டை. கட்டையைத் திருப்பித் திருப்பி வச்சா எண் மாறும். கூட்டல் பெருக்கலுக்கு அது போதும். கிராஃப், வட்டம், வேதியியல் சமன்பாடுன்னு வரும்போதுதான் "இவங்களுக்கு இது வேணாம்"னு யாரோ முடிவு பண்ணிடறாங்க. டெல்லியில கார்த்திக் சாஹ்னி பிளஸ் டூ-வுல சயின்ஸ் எடுக்கவே போராடினார். 2013-ல 96 சதவீதம் வாங்குனார், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுத வழி கிடைக்கல, ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சார். அவரால முடியலைங்கறது இங்க பிரச்சினையே இல்ல.

டெக்னாலஜி பத்தி நான் சொன்னது முழுக்கத் தப்புன்னும் இல்ல. என்.வி.டி.ஏ.ன்னு இலவச ஸ்கிரீன் ரீடர் இருக்கு, 2006-ல மைக்கேல் கரன்னு பார்வையில்லாத ஒரு ஆஸ்திரேலியர் தொடங்குனது. தமிழும் படிக்கும். ஆனா பழைய ஃபாண்ட்ல டைப் பண்ண ஃபைலைக் கொடுத்துப் பாருங்க, ஏதோ இங்கிலீஷ் எழுத்தைக் கண்டபடி கத்தும். ஆபீஸ்ல இருக்கவங்க கேட்டுக்கோங்க: சர்க்குலரைப் போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, யூனிகோட்ல டைப் பண்ணுங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஒரு வரி எங்களுக்கு உதவுச்சு. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்கற பிள்ளைங்களுக்கு 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா, விருப்பம் அவங்களோடது. ஒண்ணுல சேத்தா அங்கேயே இருக்கணும்னு இல்ல. அதனால அக்கா ஒரு முடிவுக்கு வந்தாங்க: அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சிறப்புப் பள்ளி. பிரெய்ல், நடை, கணக்கு எல்லாம் கைக்கு வரட்டும். ஆறாவதுக்கு ஊருக்கே வந்து, மத்த பிள்ளைங்களோட படிக்கட்டும். எந்தப் பள்ளின்னு சொல்லல, அவ சின்னப் பிள்ளை. ஜூன்ல சேத்தாங்க. அக்கா திரும்பி வரும்போது மதுரை வரைக்கும் பேசவே இல்ல.

தீபாவளிக்கு வந்திருந்தா. சட்டத்தையும் குச்சியையும் எடுத்துட்டு வந்து, பழைய காலண்டர் அட்டையில டொக் டொக்குன்னு "திண்டுக்கல்"னு குத்தினா. பதினோரு கட்டம். நான் பெருமையா லேப்டாப்பைத் திறந்து, லிப்லூயின்னு ஓப்பன் சோர்ஸ் பிரெய்ல் மென்பொருள்ல ஊர் பேரைப் போட்டு, ஒவ்வொரு கட்டமா ஒப்பிட்டுப் பாத்தேன்.

"கடைசி ல்-லுக்குப் புள்ளி விட்டுட்டியே"ன்னேன்.

அட்டையை என் கையிலேர்ந்து வாங்கி, ஒரு தடவை தடவிட்டு, "இருக்கு மாமா. லேசா குத்திட்டேன்"னா. என் விரலைப் பிடிச்சு அந்த இடத்துல வச்சா. இருந்துச்சு.