நிலத்துக்கடியில் வேலி இல்லை

நடுவர் அவர்களே! எல்லை ஊரை வளர்ப்பது வாணிபமே என்று சொல்லி, எதிரணி நண்பர் எல் பாசோவை உதாரணம் காட்டிட்டுப் போனாரு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பாலைவன நகரம் அது. 2020 கணக்கெடுப்பில் 6 லட்சத்து 78 ஆயிரம் பேர். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் ஹுவாரெஸ். பாலத்து மேல லாரி ஓடுது, ஒத்துக்கிறேன். லாரி ஓட்டுறவருக்குத் தாகம் எடுக்காதா ஐயா? (சிரிப்பு)

அங்கே வருஷ மழை சுமார் 9 அங்குலம். கையை விரிச்சுப் பாருங்க, ஒரு சாண். அவ்வளவுதான்! அதனாலதான் வீட்டுப் புல்வெளியைப் பெயர்த்து எடுத்தவங்களுக்குப் பணமே கொடுத்தாங்க. 2007-இல் நிலத்தடி உவர்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. 2025-இல், கழிவுநீரைச் சுத்திகரித்து நேரே குடிநீர்க் குழாயில் விடும் ஆலைக்கு வேலை தொடங்கிட்டாங்க. முகம் சுளிக்காதீங்க நடுவரே, தவிச்ச வாய்க்குத்தான் தண்ணியோட அருமை தெரியும். (கைதட்டல்)

என் பயம் வேறே. ஹுவெக்கோ போல்சன் என்ற நிலத்தடி நீர்ப்படுகை இரண்டு ஊருக்கும் பொது. ஆற்று நீரைப் பங்கிட 1906-லேயே இரு நாடும் உடன்படிக்கை போட்டுக்கிட்டாங்க. நிலத்தடி நீருக்கு அப்படி ஒன்று இல்லை. மேலே வேலி, கீழே ஒரே கிணத்துல ரெண்டு வாளி! எல் பாசோ மட்டும் சிக்கனம் பிடிச்சு என்ன செய்ய?

அக்கரையில் தொழிற்சாலை பெருகப் பெருக இக்கரை செழிக்கும்னீங்களே நண்பரே, அந்த 15 லட்சம் பேர் ஊரு எந்தக் கிணத்துல இறைக்குது? அதுக்குப் பதில் வாங்கிக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்க, நடுவர் அவர்களே!