குழாயைத் திறக்கும் கை



பாலாற்றங்கரையில் வளர்ந்து இன்று பட்டம் பெறும் உங்களுக்குத் தண்ணீரின் அருமையை உபதேசிப்பது அநாவசியம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் கிணறுகள் உப்பேறிய கதையையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்ற தத்துவத்தை நிலைநாட்டி, தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 2019 ஜூலையில் நம் ஜோலார்பேட்டையிலிருந்து, நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர் வீதம், சென்னைக்கு ரயிலில் குடிநீர் போனதை நீங்களே அறிவீர்கள். இவ்வளவும் அறிந்த நாமே குழாயை ஒழுகவிட்டும், ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டும் வருகிறோமே, ஏன்? அறிவு ஒன்றைச் சொல்ல, பழகிய கை வேறொன்றைச் செய்வது மனித சுபாவம்.

அந்தச் சுபாவத்தை ஆராய்ந்தவர்களுள் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞர் முக்கியமானவர். அவரும் சகாக்களும் கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸ் நகரில் செய்து 2008இல் வெளியிட்ட பரிசோதனையில், வீட்டுக் கதவுகளில் மின்சாரச் சிக்கனத்துக்கான அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். பணம் மிச்சமாகும் என்று சில அட்டைகள் கூறின. இயற்கை காக்கப்படும் என்று சில. வருங்காலச் சந்ததிக்கு நன்மை என்று சில. அக்கம்பக்கத்தாரில் பெரும்பாலோர் சிக்கனமாகவே இருக்கிறார்கள் என்று மட்டும் சில. மீட்டரைப் படித்தபோது அந்தக் கடைசி வாசகமே மற்றவற்றைவிடப் பலன் தந்தது தெரிந்தது. ஆனால், எதற்காகச் சிக்கனம் செய்கிறீர்கள் என்று ஜனங்களிடம் கேட்டபோது, அயலாரின் உதாரணத்தையே அவர்கள் கடைசிக் காரணமாக வைத்தார்கள். தம்மை நடத்துவது எது என்பதை மனிதர் தாமே அறிவதில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று எனக்குத் தெரியாது.

அயலாரின் உதாரணம் போலவே, கண்ணுக்குத் தெரியும் எல்லையும் நம்மை நடத்தும்; நம் வீடுகளிலேயே இதைக் காணலாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுமென்பதால், ரீடிங் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து, பிள்ளைகளை ஏ.சி.யை அணைக்கச் சொல்லும் தாய்மார்கள் எத்தனை பேர்! கண்முன் ஓர் எல்லை தெரிந்தால் கை தானே கட்டுப்படுகிறது.

இனி தோல் ஷாப்புக்கு வாருங்கள். தோலைக் கழுவ டிரம் சுற்றும்போது குழாயைத் திறந்துவிட்டு, வெளியேறும் நீர் தெளியும்வரை ஓடவிடுவது பழைய வழக்கம். அளந்து நிரப்பி, சுற்றவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பினால் தண்ணீர் வெகுவாகக் குறையும். ஊறப்போடுமுன் தோலில் ஒட்டிய உப்பை உதறிவிட்டால் கழிவில் உப்பும் குறையும். அந்தக் கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வழியே வடிகட்டப்பட்டு, எஞ்சியது ஆவியாக்கப்படுவதால், டிரம்மில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. இவ்வளவு பெரிய பலன் குழாயைத் திறக்கும் ஒருவர் கையில் இருக்க, தண்ணீர் மீட்டர் அவர் கண்ணுக்கெட்டாத மூலையில் இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அவசரப்படுத்துகிற வேலைமுறையை நாம் அமைத்துவிட்டு, விரயத்துக்கு அந்தத் தொழிலாளியைப் பழிப்பது தர்மமாகாது.

அயலாரைக் காட்டுவது, மீட்டரைக் கண்முன் வைப்பது போன்ற இந்த உபாயங்களை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அயலாரின் கணக்கோடு ஒப்பிட்டுக் கடிதம் அனுப்பியதில் குறைந்த மின்சாரம் சராசரி நூற்றுக்கு 2 பங்குதான். சட்டத்தின் இடத்தையும் யந்திரத்தின் இடத்தையும் உளவியல் பிடிக்காது. பாலாற்றுக்கு இம்மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

உங்களில் பலர் இந்த ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் மேற்பார்வையாளர்களாகப் போகிறீர்கள். போன முதல் மாதத்திலேயே மீட்டர் எங்கே இருக்கிறதென்று கேளுங்கள். அதை டிரம்முக்கு எதிரே மாட்டச் சொல்லுங்கள். ஷிப்டுக்கு ஷிப்டு செலவான தண்ணீரைப் பலகையில் எழுதுங்கள். குறைத்தவர்களை எல்லார் முன்னிலையிலும் பாராட்டுங்கள். முதலாளி தயங்கினால், மின்கட்டண ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.