போபால் நினைவகத்துக்கு யார் காசு போடுவது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடில் போபால் விஷவாயுவைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தார். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருப்பவர். "நினைவகம் வேணும், மியூசியம் வேணும்னு சொல்றீங்க. என் வார்டுல ரெண்டு பேருக்கு ஒரு கட்டில். அந்தக் காசை இங்க குடுத்தா ஆகாதா?" என்று கேட்டிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அவங்க கேட்டது நியாயமான கேள்விதான். அதனால இன்னைக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதல் தடவை கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி, யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. தூங்கிக்கொண்டிருந்த ஊர் அது. 1989-ல் இந்திய அரசு அந்த நிறுவனத்தோடு 47 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கைக்கு வந்தது 25,000 ரூபாய். பல வருஷம் கழித்து இன்னொரு 25,000. அவ்வளவுதான்.

நான் போபாலுக்குப் போனது ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ஒரு ஆட்டோ பிடிச்சு "கார்பைடு ஃபேக்டரி" என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு, "உள்ள விடமாட்டாங்க, சுவரைத்தான் பார்க்கலாம்" என்றார். சுவரைத்தான் பார்த்தேன். சுவருக்கு எதிரே ஒரு சிலை இருக்கிறது. குழந்தையை அணைத்தபடி ஒரு தாய். ரூத் வாட்டர்மன் என்ற டச்சு சிற்பி செய்தது. 1985-ல் வைத்தார்கள். அதாவது, சம்பவம் நடந்த ஒரே வருஷத்துக்குள்ள மக்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கிடைத்துவிட்டது. அரசு நினைவகம்? அது இன்னும் திட்டமாகவே இருக்கு.

அங்கிருந்து அந்த ஓட்டுநரே இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போனார். பெராசியா சாலைப் பக்கம், ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீடு. 'ரிமெம்பர் போபால் மியூசியம்' என்று பெயர். 2014 டிசம்பரில், முப்பதாம் ஆண்டு நினைவை ஒட்டித் திறந்தார்கள். பத்திரிகையாளரும் அருங்காட்சியகக் கலைஞருமான ரமா லக்ஷ்மி இதை ஒருங்கிணைத்தவர். சுவரில் பழைய டெலிபோன் ரிசீவர்கள் மாட்டியிருக்கும். எடுத்துக் காதில் வைத்தால் உயிர் பிழைத்தவர்கள் பேசுவார்கள். எனக்கு இந்தி அரைகுறைதான். ஆனா ஒரு அம்மா பேசப் பேச நடுவுல இருமுறாங்க பாருங்க, அதுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படல.

அந்த மியூசியத்தில் ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம். மக்கள் கொடுப்பதை வைத்துத்தான் ஓட்டுவார்கள். கம்பெனிப் பணம் வேண்டாம் என்பது புரிகிறது. அரசுப் பணம் ஏன் வேண்டாம்? நான் அங்கே நின்றபோது இது வீம்பு என்றுதான் நினைத்தேன். நம்ம வரிப்பணம்தானே, வாங்கி வாடகையாவது கட்டலாமே என்று தோன்றியது.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு நினைவகம் கட்டினால் சுவரில் ஒரு எண் எழுதியாக வேண்டும். எத்தனை பேர் செத்தார்கள்? மத்தியப் பிரதேச அரசு நீண்ட காலம் சொன்னது 3,787. 2010-ல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் இழப்பீடு கேட்டுச் சீராய்வு மனு போட்டபோது சொன்னது 5,295. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் 20,000-க்கு மேல் என்கின்றன. இது வெறும் புள்ளிவிவரச் சண்டை கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு இழப்பீட்டுக் கணக்கு இருக்கு. அந்த மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இப்போது சொல்லுங்க, அரசு பணம் போட்ட மியூசியத்தில் எந்த எண்ணை எழுதுவார்கள்? 1984 டிசம்பர் 7-ஆம் தேதி கைதான வாரன் ஆண்டர்சன் அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்து, விமானம் ஏறிப் போனாரே, அந்த விமானத்தைப் பற்றி ஒரு பலகை வைப்பார்களா?

போபாலில் அரசாங்கம் உதவிக்கு வந்த மூன்றாவது ஆள் இல்லை. வழக்கில் அதுவும் ஒரு தரப்பு. சமரசம் பேசியது அதுதான், கணக்கெடுத்ததும் அதுதான். ஆலையிருந்த இடத்திலேயே நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நினைவகம் கட்ட மாநில அரசு திட்டம் போட்டது. வடிவமைப்புப் போட்டியெல்லாம் வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எதிர்த்தார்கள். "மண்ணுல விஷம் அப்படியே கிடக்கு, அது மேல புல்தரை போடப் போறீங்களா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. அங்கே கிடங்கில் இருந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். 40 வருஷம் ஆனது. அதற்கு மத்திய அரசு ஒதுக்கியது 126 கோடி. பீதம்பூர்க்காரர்கள் "எங்க ஊர்ல எதுக்கு?" என்று தெருவுக்கு வந்தார்கள். நிலத்தடி நீரில் இறங்கியது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சரி, அரசுப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவு மியூசியம் 2014 மே மாதம் திறந்தபோது டிக்கெட் 24 டாலர். ஒரு குடும்பமா போனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவு, அதனால் டிக்கெட், அதனால் நினைவுப்பொருள் கடை. அந்தக் கடையில் அமெரிக்க வரைபட வடிவத்தில் பாலாடைக்கட்டி பரிமாறும் தட்டு ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். தாக்குதல் நடந்த இடங்களுக்குக் குட்டி இதயம் வரைந்திருந்தது. உறவினர்கள் கொதித்துப்போனார்கள், தட்டை எடுத்துவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துல சீஸ் தட்டு.

அதற்கு முன்பே டேனியல் இனோயே என்ற செனட்டர் ஆண்டுக்கு 2 கோடி டாலர் மத்திய அரசு தரட்டும் என்று மசோதா கொண்டுவந்தார். டாம் கோபர்ன் என்ற இன்னொரு செனட்டர் தடுத்தார். இந்தக் காசை வேறு எந்தச் செலவில் குறைக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள் என்றார். நம்ம செவிலியர் கேட்ட அதே கேள்விதான்! ஆள் கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர், ஆனா கேள்வி தப்பில்லை. மசோதா அப்போது நிறைவேறவில்லை.

ஹிரோஷிமாவில் வேறு மாதிரி. மியூசியம் நகராட்சியுடையது. பல காலம் 50 யென், 2016-லிருந்து 200 யென். ஒரு டீ குடிக்கிற காசு. ஆனால் குண்டு போட்டது இன்னொரு நாடு. அந்த ஊர் நகராட்சியே சேர்ந்து செத்த ஊர் அது. தன் மேலேயே பழி இருக்கிற அரசு இவ்வளவு தாராளமாகப் பேசுமா என்பதுதான் என் சந்தேகம்.

பழி இல்லாத இடத்திலும் அரசுக் கை எப்படி இருக்கும் என்பதற்கு ஜாலியன்வாலாபாக் இருக்கிறது. 1951 சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளை. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். காங்கிரஸ் தலைவர் பதவிவழி உறுப்பினராக இருந்தது போனது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை, கட்சித் தலைவருக்கு அங்கே என்ன வேலை? ஆனால் கூடவே, அறங்காவலரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்கு வந்தது. 2021-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். டயரின் படை உள்ளே வந்த அந்தக் குறுகிய சந்து இருக்கே, அதன் சுவர் நெடுக இப்போது புடைப்புச் சிற்பங்கள். ஒலி-ஒளிக் காட்சியும் உண்டு. எந்தச் சுவரைப் பார்த்தால் மூச்சு முட்ட வேண்டுமோ, அதை அலங்கரித்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறைசொன்னார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நம்ம ஊரில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியது மார்க்சிஸ்ட் கட்சியும் தொழிற்சங்கமும். அரசு இல்லை. அதில் பெருமையும் உண்டு, ஒரு வெட்கமும் உண்டு. அந்த வெட்கம் நம்ம எல்லாருக்கும்.

இப்போது அந்தச் செவிலியருக்கு வருகிறேன். போபாலில் மருத்துவமனையா மியூசியமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏன் தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கே நடத்திவந்த நீண்டகால ஆய்வுகளை 1994-ல் நிறுத்திவிட்டது. மறுபடி அங்கே ஒரு ஆய்வு நிறுவனம் வந்தது 2010-ல். நடுவில் போன வருஷங்களில் யாருக்கு மூச்சு இழுத்தது, எந்தப் பெண்ணுக்கு எத்தனை கரு கலைந்தது, பிறந்த பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் யாரிடம் இருக்கிறது? அந்த டெலிபோன் ரிசீவர்களில் பேசுகிறவர்களிடம் இருக்கிறது. நீங்க வார்டுல எழுதுற கேஸ் ஷீட் மாதிரிதான் அதுவும். கேஸ் ஷீட்டுக்குச் செலவு பண்ணாம கட்டில் வாங்கினா போதும்னு நீங்களே சொல்லமாட்டீங்க.

அதனால் என் கருத்து இதுதான்: பொதுப்பணம் கொடுக்கணும். ஆனால் மானியமாக வருஷா வருஷம் கையேந்த வைக்கக் கூடாது. ஒரே தடவை ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டுவிட வேண்டும், வட்டியில் ஓடட்டும். அறங்காவலரில் பெரும்பான்மை பாதிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நீக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கக் கூடாது. கணக்கைத் தணிக்கை செய்யட்டும், சுவரில் எழுதுவதைத் தணிக்கை செய்யக் கூடாது. கட்டடம் பெரிதாக வேண்டியதில்லை. நூறு கோடி கட்டடம் வந்தால் ரிப்பன் வெட்ட ஆள் வரும், ரிப்பன் வெட்டியவருக்குப் பிடித்தமாதிரி பலகை வரும்.

இதில் ஓட்டை இருப்பது எனக்கே தெரியும். "பாதிக்கப்பட்டவர்கள்" என்பது ஒரே குரல் கிடையாது. போபாலிலேயே பல அமைப்புகள், பல கருத்துகள். யாரை உட்கார வைப்பது என்பதிலேயே சண்டை வரும். இன்னொன்று, சட்டம் போட்டுக் கொடுத்ததை இன்னொரு சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஜாலியன்வாலாபாக்கில் பார்த்தோமே. அந்த வீட்டில் இருப்பவர்கள் "வேண்டாம்" என்று சொல்வதை வீம்பு என்று நினைத்தேன் என்றேன் அல்லவா? இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. வாங்குவதும் மறுப்பதும் அவர்கள் உரிமை.

முதலில் மண்ணைச் சுத்தம் செய்யட்டும், அப்புறம் மியூசியம் என்று சிலர் சொல்வார்கள். ஆலை இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சைப் பதிவு செய்வதற்கு மண் சுத்தமாகக் காத்திருக்க முடியாது. அன்றைக்கு இருபது வயது இருந்தவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

என்னைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் உள்ளே வரவில்லை. வெளியே நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்ததும், "எங்க அம்மா பேச்சும் உள்ள இருந்திருக்கணும், யாரும் வந்து கேட்கல, அதுக்குள்ள போயிட்டாங்க" என்றார். காத்திருந்ததற்குத் தனியாகக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

செவிலியர் அம்மா, இது உங்களுக்குப் பதிலா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். மறுபடி எழுதுங்க. திட்டி எழுதினாலும் அடுத்த எபிசோடுல அப்படியே வாசிக்கிறேன்.