டெய்மோஸின் முதுகு



செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள். வெளியே சுற்றுவது டெய்மோஸ். கிரேக்கப் புராணத்தில் போர்க்கடவுளின் மகன். 'பெரும் பீதி' என்று அர்த்தம். 1877-ல் அசாஃப் ஹால் கண்டுபிடித்தார். ஆளைப் பார்த்தால் பயமே வராது! குறுக்களவு சுமார் 12 கிலோமீட்டர். நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறினால் பூந்தமல்லிக்குள் முடிஞ்சுடும்.

நம் சந்திரனைப் போலவே அதுவும் தன் கிரகத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். செவ்வாயை ஒட்டிச் சுற்றும் விண்கலங்களுக்கு அதன் முதுகு தெரியாது.

2013-ல் பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற மங்கள்யானில் எரிபொருள் அளவாகத்தான் இருந்தது. செவ்வாயை நெருங்கிய வட்டப்பாதைக்கு அது போதாது. அதனால் 2014-ல், தரையிலிருந்து கிட்டத்தில் 422, எட்டத்தில் சுமார் 77,000 கிலோமீட்டர் என்று நீண்ட பாதையில் சுற்றவிட்டார்கள். டெய்மோஸ் இருப்பதோ சுமார் 20,000 கிலோமீட்டரில். கலம் அதையும் தாண்டிப் போனது. அங்கிருந்து அதன் முதுகைப் படம் எடுத்தது.

எஸ்டேட்டில் சின்ன யூனிட் ஒன்றில் இன்ஜினியர் நான். இருக்கிற மெஷினில் எது முடியும் என்றுதான் தினமும் கணக்குப் போடுகிறோம். பெரிய கம்பெனி கிடைக்கலையேன்னு கலங்கும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, உங்க பாதை சுத்திப் போனா, அங்கிருந்து என்ன தெரியுதுன்னு பாருங்க.