குர்பானி என்ற சொல்



இந்தப் பொன்விழா மேடையில், ஸ்கூடாயில் நம்மோடு வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரை நினைவுகூர்கிறோம். குடும்பத்தார் விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறோம்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜி பேசினார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; பதினெட்டு வயதில் அவரும் சேர்ந்தார். அப்படையின் முழக்கம் இத்திஹாத், இத்திமாத், குர்பானி; அதாவது ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். 1944-ல் இம்பாலிலிருந்து பின்வாங்கியபோது பசியிலும் மலேரியாவிலும் தோழர்களை இழந்தார்.

போருக்குப் பின் அன்னாசி டப்பா ஆலையில் கூலியானார். அன்னாசிச் சாறு அரித்த விரல்களோடு இரவு ஷிப்ட் முடித்து, சுபுஹு தொழுதுவிட்டுத்தான் வீடு திரும்புவார். ஐந்து பிள்ளைகளையும் படிக்க வைத்தார். சங்கம் தொடங்கியபோது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீடு வீடாகச் சந்தா கேட்டு நடந்தவரும் அவரே.

போர்க்கதை கேட்டால், "குர்பானின்னா ஒருநாள் உயிரைக் குடுக்கிறது மட்டுமில்ல தம்பி, தினமும் வேலைக்குப் போறதும்தான்" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். நாமும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அது நம் தவறு.

இளைஞர்களே, உங்கள் வீட்டு அத்தாவிடமும் நன்னாவிடமும் இன்றே கேளுங்கள், எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அவை வேண்டும்.

அல்லாஹ் அப்பெரியவரின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.